50 தாண்டியவர்கள் பூப்பந்து ஆடுவது: பந்து கண்ணில் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

ஜூன் 14, கேள்வி

வயது 52. அம்மாபேட்டைப் பக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து பூப்பந்து ஆடுகிறேன், இறகுப்பந்து அல்ல, கம்பளிப் பந்தில் ஆடுகிற பால் பேட்மிண்டன். ஒரு வருஷமாகப் பந்து கண்ணில் நிற்கவில்லை. எதிராளி பேட்டிலிருந்து கிளம்புவது தெரிகிறது, நடுவில் காணாமல் போகிறது, அப்புறம் மூக்குக்கு முன்னால் வந்துதான் தெரிகிறது. கண்ணாடி போட்டும் பார்த்தாயிற்று. வயதானால் கண் போகும், கண் போனால் ஆட்டமும் போகும், இதற்கு வைத்தியம் கிடையாது என்பது என் முடிவு. பேட்டை அக்கா மகனிடம் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 14, இரவு

கொடுக்காதீர்கள் தம்பி. எனக்கு 58. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் களம். களத்தின் நடு இடமான சென்டர் ஆடுகிறேன், இன்னமும்.

முதலில் எந்தக் கண்ணாடி போட்டு ஆடினீர்கள் என்று சொல்லுங்கள். மேலே தூரம், கீழே படிப்பு என்று ஒரே வில்லையில் கோடில்லாமல் செய்து தருகிற ப்ரோகிரஸிவ் கண்ணாடியா? அப்படியானால் பாதிக் காரணம் அதுதான். நான் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஆடினேன். அந்த வில்லையில் நடுவில் ஒரு பட்டைதான் தெளிவு, இரண்டு ஓரமும் நெளியும். பூப்பந்தில் எந்தப் பந்து நேராக நடுவில் வருகிறது? ஓரக்கண்ணில் பிடித்துத்தான் ஓடுகிறோம். கீழே பார்த்தால் அது படிக்கிற பவர். ஐந்தடி ஆறடி தள்ளி இருக்கிற சுண்ணாம்புக் கோடு கலங்கித் தெரியும். பின்னால் நகர்ந்துகொண்டே கோட்டைப் பார்த்தேன், அது இருந்த இடம் ஒன்று, தெரிந்த இடம் ஒன்று. கணுக்கால் புரண்டு இருபது நாள் திண்ணையில் உட்கார்ந்தேன். வாங்கிய கடையில் நான் விளையாடுகிறவன் என்று சொல்லியும் ஒருவரும் எச்சரிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆட்டத்துக்கென்று தூரப்பார்வைப் பவர் மட்டும் போட்டுத் தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். வில்லை பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், அடிபட்டால் லேசில் உடையாது. 30 கிராம் கம்பளிப் பந்தைப் பற்றிப் பயமில்லை. பக்கத்தில் நிற்கிறவர் பேட்டுதான் பயம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் நிற்கிற களம். பின்னால் கட்ட ஒரு நாடா. ஸ்கோர் எழுதுகிற நோட்டைப் பார்க்க, படிக்கிற கண்ணாடி பெஞ்சில் இருக்கட்டும்.

ஜூன் 15

விட்டுப்போனது. களம் எந்தத் திசையில் போட்டிருக்கிறது?

எங்கள் களம் வரப்பு போகிற போக்குக்கு ஏற்ப கிழக்கு மேற்காகத்தான் முப்பது வருஷம் கிடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேற்கு பார்த்து நிற்கிறவன் கண்ணில் சூரியன் நேரே. இளவட்டமாக இருந்தபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆடிவிட்டோம். ஐம்பதுக்கு மேல் ஒரு தடவை கூசினால் அந்தக் கூச்சம் அடுத்த இரண்டு சர்வீசுக்கும் நிற்கிறது. போன வருஷம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டோம். சவுக்குக் கம்பு இரண்டைப் பிடுங்கி நட்டு, 24க்கு 12 மீட்டர் அளந்து மறுபடி சுண்ணாம்பு போட்டதுதான் செலவு.

ஜூன் 19

தம்பி ப்ரோகிரஸிவ்தான் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், "வெள்ளெழுத்து கிட்டப் பார்க்கிற குறைதானே, தூரத்துப் பந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி.

வெள்ளெழுத்து என்பது கண்ணுக்குள் இருக்கிற வில்லை நெகிழ்ச்சி இழப்பது. நாற்பதைத் தாண்டியதும் தொடங்குகிறது. பந்து மறுபக்கத்திலிருந்து வரும்போது தூரத்திலிருந்து கைக்கெட்டுகிற இடம் வரை கண் தன்னை மாற்றிக்கொண்டே வர வேண்டும். இளம் கண்ணால் முடியும். நம் கண்ணால் முடியாது, கடைசி மூன்றடி எப்படியும் கலங்கல்தான். ஆனால் அந்த மூன்றடியில் யாரும் பார்த்து அடிப்பதில்லை. எதிராளி பேட்டில் படுகிற கணத்தைச் சரியாகப் பார்த்தவன் மிச்சத்தைக் கையால் அடித்துவிடுவான். அதனால் தூரப்பார்வைதான் தெளிவாக வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, வில்லையும் பழுக்கிறது. 20 வயதுக்காரர் விழித்திரைக்குச் சேர்கிற வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குச் சேரும். பையன்கள் "இன்னும் வெளிச்சம் இருக்கு பெரியப்பா, ஒரு கேம் போடலாம்" என்கிறார்கள். அவர்களுக்கு இருக்கிறது, உண்மைதான். எனக்கு அப்போது இருட்டிவிட்டது. அதனால் நான் காலையில் ஆறரை முதல் எட்டு வரை மாறிவிட்டேன். வெயில் ஏறவும் இல்லை, காற்றும் எழும்பவில்லை.

மூன்றாவது, பின்னால் என்ன இருக்கிறது என்பது. எங்கள் களத்துக்கு ஒரு பக்கம் மூங்கில் கொத்து, இன்னொரு பக்கம் வைக்கோல் போர். மஞ்சள் பந்து மூங்கிலுக்கு முன்னால் பளிச்சென்று வரும், வைக்கோல் போருக்கு முன்னால் கரைந்துபோகும். நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை நிழல்வலை பத்தடி உயரத்துக்கு அந்தப் பக்கம் கட்டினோம். கட்டிய அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. இதைச் செய்யாத ஊர்க்காரர்கள் செய்துபாருங்கள்.

இந்த ஆட்டம் நம் மண்ணுடையது. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1856-லேயே ஆடிய ஆட்டம். டெல்டாவில் அதை ஆட ஆள் குறைந்துகொண்டே வருகிறது. இருக்கிறவர்களும் கண்ணைக் காரணம் சொல்லி உட்கார்ந்தால் களத்தில் மாடு கட்டிவிடுவார்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஜூலை 2

நல்ல செய்தி. இன்று காலையில் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படித்தேன். சின்ன எழுத்து வரைக்கும். எட்டு வருஷத்துக்கப்புறம்! ஆறு மாதமாகத் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரையும் காலை ஆட்டமும்தான். கண் திரும்புகிறது என்றே நம்புகிறேன்.

ஜூலை 9

வெண்ணாற்றில் தூண்டில் போடுகிற ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வந்ததிலிருந்து தக்கை தெரியவில்லை, ஒரே மினுக்கம் என்கிறார்.

தண்ணீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புகிற மினுக்கத்துக்கு போலரைஸ்டு கண்ணாடி நன்றாகக் கேட்கும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரேயடியாக இருட்டாக்கும். போலரைஸ்டு அந்த மினுக்கத்தைக் குறிபார்த்து வெட்டும், தண்ணீருக்குள்ளேயே கொஞ்சம் தெரியும். கடையில் சோதிக்க ஒரு வழி: கண்ணாடியைக் கையில் பிடித்து அதன் வழியாக ஏதாவது பளபளப்பைப் பாருங்கள், கண்ணாடியைத் திருப்பத் திருப்ப மினுக்கம் கூடிக் குறைய வேண்டும். முள் கட்ட படிக்கிற கண்ணாடி தனி. கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ளுங்கள் ஐயா, ஆற்றில் விழுந்தால் போச்சு.

வெயிலில் தானாகக் கறுக்கிற கண்ணாடி பற்றியும் கேட்டார்கள். நம் ஊர்ச் சூட்டில் அது முழுக்கக் கறுக்காது. குளிர் ஊரில்தான் நன்றாகக் கறுக்கும். கறுத்தது தெளியவும் சில நிமிஷம் எடுக்கும். களத்துக்குத் தொப்பி போதும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: சர்க்கரை 280 என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்வில்லை உப்பி வடியும், பவரே மாறும். இப்போது போய்க் கண்ணாடி வாங்காதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து சில வாரம் நிலைக்க விட்டுப் பவர் பாருங்கள். விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். கண்மணியை விரிக்கிற மருந்து விட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள்.

ஆகஸ்ட் 11

ஜூலை 2-ல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதைப் படித்து நம்பியவர்கள் இதையும் கட்டாயம் படிக்க வேண்டும்.

கும்பகோணத்தில் கண் மருத்துவரிடம் போனேன். கண் திரும்புகிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அந்த அம்மா விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்குப் புரை விழுந்திருக்குங்க ஐயா. ரெண்டு கண்லயும். வலது கண்ல அதிகம்" என்றார்.

நடந்தது இது. கண்வில்லையின் நடுப்பகுதி பழுத்து இறுகும்போது கண்ணுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. பேப்பர் எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரியும். அதே அளவுக்குத் தூரம் மங்கும். புரை வளர வளர அந்தச் சௌகரியமும் போய்விடும். நான் வரமென்று நினைத்தது நோயின் அடையாளம். தூரம் மங்கியதை நான் கவனிக்கவில்லையா? கவனித்தேன். காலைப் பனி என்று நினைத்தேன், பழைய பந்து என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் தம்பிக்கு அவ்வளவு உறுதியாகப் பாதிக் காரணம் கண்ணாடி என்று சொன்னேனே, என் கண்ணுக்கு அந்தப் பதில் போதவில்லை. கண்ணாடி, களத்தின் திசை, நிழல்வலை எல்லாம் சரிதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கண்ணைக் காட்ட வேண்டும். வரிசையை மாற்றி எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 12

பொன்னாங்கண்ணி சாப்பிடத் தொடங்கிய இரண்டு பேர் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். கீரை நல்ல கீரை, சாப்பிடுங்கள். புரையை அது கரைக்காது.

ஆகஸ்ட் 24

இது உங்களை ஆச்சரியப்படுத்தும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆறேழு மாதமாக எனக்கு ஒரு விசித்திரம். வலமிருந்து இடமாகக் குறுக்கே போகிற பந்துக்குத் தாமதமாகவே வீசுகிறேன். இடமிருந்து வலமாகப் போனால் முந்திக்கொள்கிறேன். நேரே வருகிற பந்தில் அவ்வளவு தப்பில்லை. தோள் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பவர் சோதிக்கிற பையனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். "ஐயா, இதுக்குப் பேரே இருக்கு" என்றான்.

புல்ஃப்ரிச் விளைவு. கார்ல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1922-ல் விளக்கியது. ஒரு கண்ணுக்கு வெளிச்சம் குறைவாகச் சேர்ந்தால், அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி துளி தாமதமாகப் போகிறது. மில்லிநொடிக் கணக்குத்தான். ஆனால் குறுக்கே ஓடுகிற பொருளை இரண்டு கண்ணும் இரண்டு இடத்தில் பார்த்ததாக ஆகிவிடும், மூளை அதைத் தூரமாகவோ கிட்டமாகவோ கணக்குப் போட்டுவிடும். என் வலது கண் மங்கல். அதனால் இடப்பக்கம் ஓடுகிற பந்து இருப்பதைவிடத் தள்ளித் தெரிகிறது, வலப்பக்கம் ஓடுவது கிட்டத் தெரிகிறது. புல்ஃப்ரிச்சுக்கே ஒரு கண்ணில் பார்வை கிடையாதாம். தான் விளக்கிய காட்சியைத் தானே பார்க்க முடியாத மனிதர். அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் செய்துபார்க்கலாம். நல்ல கண் உள்ளவர்கள் செய்யுங்கள். எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, ஏழெட்டு அடி தள்ளி நின்று, இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்து, ஒரு கண்ணுக்கு முன்னால் மட்டும் கறுப்புக் கண்ணாடி வில்லையைப் பிடியுங்கள். நேராக ஆடுகிற பழம் சுற்றி வருவதுபோல் தெரியும். வில்லையை மறு கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் திசை மாறும். என் பேரன் மூன்று நாளாக இதையே செய்துகொண்டிருக்கிறான், வீட்டில் ரசத்துக்கு எலுமிச்சம்பழம் இல்லை.

செப்டம்பர் 7

குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. மிஷின் போகிற ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள் பவர் இல்லாவிட்டாலும் ஒரு வெற்றுக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். சுணையும் தூசியும் கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது, சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடவேண்டாம். நெல் சுணை கீறிய கண்ணில் பூஞ்சை பிடித்தால் கருவிழியே போய்விடும். வலியோ சிவப்போ மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் மச்சான். வருஷா வருஷம் அறுவடையில் கண் சிவக்கும். ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்ட உடனே சிவப்பு போய்விடும். ஒன்றரை வருஷம் வாங்கி வாங்கி விட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு. தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு சாகும், பார்வை ஓரத்திலிருந்து போகும். வலிக்காது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், அதனால் ஆளுக்குத் தெரியாது. மச்சான் எங்கள் அணியில் பேக் ஆடியவர். ஓரத்துப் பந்தை விடுகிறார், விடுகிறார் என்று நாங்கள் திட்டினோம். சோம்பேறி என்றுகூடச் சொன்னேன். போன நரம்பு திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது அவர் என்னைப் பார்த்தார். மீதிப் பார்வையைக் காப்பாற்ற இப்போது ராத்திரி தோறும் சொட்டு மருந்து. களத்துக்கு வருகிறார், கோடு போடுகிறார், நடுவராக நிற்கிறார்.

உங்கள் அணியில் ஒருவர் திடீரென்று ஓரத்துப் பந்தையே விடுகிறார் என்றால் திட்டாதீர்கள். கண்ணழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது இருந்தால் நாற்பதிலேயே பார்த்துவிட வேண்டும்.

அக்டோபர் 5

வலது கண்ணுக்கு 16-ந் தேதி அறுவை. வில்லை எது வைப்பது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு.

மகன் தூரமும் கிட்டமும் தெரிகிற விலை கூடிய மல்டிபோகல் வில்லைதான் வைக்க வேண்டும் என்கிறான். பாசத்தில் சொல்கிறான். நான் ஒருதூர வில்லை போதும் என்கிறேன். மல்டிபோகல் வெளிச்சத்தைப் பல தூரத்துக்குப் பங்கு போடுகிறது, அதனால் வெளிறியதும் கறுத்ததும் பிரிந்து தெரிவது கொஞ்சம் மங்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். எனக்கு வானத்துக்கு எதிரே பந்து தெரிய வேண்டும். படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வண்டி ஓட்டாத, ஆடாத, நாள் முழுக்கப் படிக்கிற ஆளுக்கு முடிவு வேறாக இருக்கலாம்.

"உள்ளூர் வில்லை வேண்டாம், வெளிநாட்டு வில்லை வையுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, மன்னிக்கவும். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்களுடைய ஆரோலேப் மதுரையிலேயே கண்வில்லை செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு வில்லை நூறு டாலர் விற்ற காலம் அது. அதன் விலையைச் சரித்தது மதுரை வில்லை. கிராமத்துக் கிழவிக்குக் கண்ணுக்குள் வில்லை கிடைத்தது அதனால்தான். இப்போது பல நாடுகளுக்குப் போகிறது. எந்த வில்லை பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும், ஊர் பார்த்துத் தள்ளாதீர்கள்.

அக்டோபர் 30

முடிந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டுப் பிரித்த அன்று காலை வாசலில் நின்றேன். நீலம்! வானத்தில் இவ்வளவு நீலம் இருந்ததை மறந்தே போயிருந்தேன். பழுத்த வில்லை மஞ்சள் கண்ணாடி மாதிரி நீலத்தை வடிகட்டிக்கொண்டிருந்ததாம். இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் எங்கள் வெள்ளைச் சுவர் தேங்காய் எண்ணெய் படிந்த துணி மாதிரி தெரிகிறது.

பந்துப் பையைக் கொட்டிப் பார்த்தேன். மஞ்சள் என்று நினைத்து ஆடிக்கொண்டிருந்த நாலு பந்தும் மண் நிறம். பையன்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் நல்லாருக்குன்னு சொல்லுவீங்க பெரியப்பா" என்றார்கள்.

ஒரு மாதம் களம் கிடையாது, சொட்டு மருந்து ஆறு வாரம், முதல் சில நாள் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. எனக்குச் சொன்னது இது, உங்களுக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான். பச்சைத் தத்துப்பூச்சி விளக்குக்கு வருகிற பருவம் வேறு. சாயங்காலம் தெருவுக்குப் போனாலே கண்ணில் விழுகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வாசலுக்கே போகிறேன்.

டிசம்பர் 3

மழை விட்ட இரண்டு காலை ஆடினேன். 35 பாயிண்ட் முழு கேம் இல்லை, பாதி.

ஆகஸ்டில் சொன்னேனே, அது அப்படியே திரும்பிவிட்டது! இப்போது இடது கண் மங்கல், வலது கண் பளிச். இடமிருந்து வலமாகப் போகிற பந்துக்குத்தான் இப்போது தாமதம். புல்ஃப்ரிச் சொன்னபடியே. பவர் பையனுக்கு போன் போட்டுச் சொன்னேன், என்னைவிட அவனுக்குச் சந்தோஷம். சமாளிக்க ஒரு வழி கண்டேன்: முன்வரிசையில் நின்றால் குறுக்குப் பந்து குறைவு. சென்டரை என் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டு, இடது கண் முடிகிறவரை ப்ரண்ட்.

ஜனவரி 18

காணும் பொங்கலுக்கு ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆட்டம் வைத்தோம், காலை ஏழு மணிக்கு, இரண்டு பக்கமும் நிழல்வலை கட்டி, புதுப் பந்தோடு. கேள்வி கேட்ட தம்பி அம்மாபேட்டையிலிருந்து டி.வி.எஸ்.ஸில் வந்திருந்தார். முதல் தடவையாக நேரில் பார்க்கிறோம். சர்க்கரை 140-க்கு வந்து, இரண்டு மாதம் பொறுத்து, தூரப்பவர் மட்டும் போட்ட கண்ணாடி. விழித்திரை இப்போதைக்குச் சுத்தம், வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார்களாம். அக்கா மகனையும் கூட்டிவந்தார், அவனுக்கு வேறு பேட்டு வாங்கிக்கொடுத்திருக்கிறார். எங்களை இரண்டு கேமில் தோற்கடித்தார்கள். மச்சான்தான் நடுவர்.

என் இடது கண்ணுக்கு பிப்ரவரி 20. சம்பா அறுவடைத் தூசி அடங்கட்டும் என்று தள்ளிக் கேட்டேன், மருத்துவர் ஒத்துக்கொண்டார். வெண்ணாற்றுத் தூண்டில் ஐயா போலரைஸ்டு வாங்கினாரா இல்லையா என்று இன்னும் எழுதவில்லை. இதைப் பார்த்தால் எழுதுங்கள் ஐயா.